கேம் பெட்டிக்குள் எத்தனை பெட்டி?

அக்கா வீடு மேற்கு மாம்பலத்தில். ஹாலில் ஒரே டிவி. அதற்குக் கீழே, பையன் அடம்பிடித்து வாங்கிய பிஎஸ்4, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனபோது அக்கா சோபா நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு யூடியூபில் வத்தக்குழம்பு தேடிக்கொண்டிருந்தாள். திரையில் எழுத்துப் பலகை. ஒவ்வொரு எழுத்துக்கும் அம்புக்குறியை நாலைந்து தட்டு தட்டி, அப்புறம் எக்ஸ் பொத்தானை அழுத்த வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதினால் வத்தக்குழம்பு எவ்வளவு நீளம் என்பதை அன்றுதான் கவனித்தேன். பையன் பக்கத்தில் நின்று, “அம்மா, அது கேம் ஆடறதும்மா” என்று முனகினான். “உனக்கு கேம், எனக்கு யூடியூப்” என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பையனின் முனகல் புதிது ஒன்றும் இல்லை. கேம் ஆடத்தானே இந்தப் பெட்டி, இதில் படம் எதற்கு, பாட்டு எதற்கு, கடை எதற்கு என்று கேம் ஆடுகிறவர்கள் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்த பிறகு, கட்சி மாறவில்லை என்றாலும் குறை சொல்ல வேண்டிய இடம் மாறிவிட்டது.

முதலில், ‘அந்தக் காலத்தில் கேம் பெட்டியில் கேம் மட்டும்தான் இருந்தது’ என்பது முழு உண்மை இல்லை. நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய பெட்டியின் பெயரே ஃபேமிலி கம்ப்யூட்டர். சுருக்கி ஃபேமிகாம் என்பார்கள். அதற்குக் கீபோர்டும் வந்தது, பேசிக் மொழியில் நிரல் எழுதலாம். 1988இல் மோடமும் வந்தது. டெலிபோன் வயரைச் செருகி, வீட்டு டிவியில் பங்கு வாங்கலாம், விற்கலாம், குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டலாம். மீசை வைத்த பிளம்பர் காளான் மேல் குதிக்கிற அதே பெட்டியில் ஜப்பானிய அப்பாக்கள் ஷேர் மார்க்கெட் பார்த்தார்கள்.

நம் ஊருக்கு வந்தது அந்தப் பெட்டியின் நகல்களின் நகல். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேம் ஒன்று கீபோர்டோடு இருந்தது. மஞ்சள் நிறக் கேசட். கார்ட்ரிட்ஜ் என்ற சொல் எங்களுக்கு அப்போது தெரியாது. கூடவே டைப்பிங் பழக ஒரு கேசட். “பசங்க படிப்புக்கு ஆகும்” என்று கடைக்காரர் சொல்லி, அதை நம்பி அந்த வீட்டு மாமா வாங்கி வந்தார். டைப்பிங் கேசட்டை யாரும் இரண்டாம் முறை போட்டதில்லை. ஆனால் அது இல்லாமல் அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்திருக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் பிளேஸ்டேஷன் 2இன் கதையும் இதுதான். 2000 மார்ச் 4 அன்று ஜப்பானில் 39,800 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. டிவிடி படம் போடும். அப்போது டிவிடி பிளேயர் என்பதே பலருக்குப் புதுசு, விலையும் கூடுதல். ‘டிவிடி பிளேயர் வாங்குகிற காசில் கேமும் வருகிறதே’ என்று வாங்கியவர்கள் ஏராளம். கடைசியில் சுமார் 16 கோடி விற்றது. இன்றுவரை இதைவிட அதிகம் விற்ற கன்சோல், அதாவது கேம் பெட்டி, இல்லை. சென்னையில் இந்தக் கணக்கு இன்னும் சுலபம். பாரிமுனைப் பக்கம் போனால் நடைபாதை முழுக்க டிவிடி கொட்டிக் கிடந்த காலம். எங்கள் வீட்டில் அப்பாவிடம் நான் ‘கேம்’ என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. “டிவிடி பிளேயர்ப்பா, கூடவே ஏதோ கேமும் ஆடலாமாம்” என்றேன். அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தே தலையாட்டினார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவருக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், எனக்குக் கார் பந்தயம்.

அதே சமயத்தில் மற்ற இருவர் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2001இல் வந்த நின்டெண்டோ கேம்கியூப் 8 செ.மீ. குட்டி டிஸ்க்கைத்தான் ஏற்கும், அதில் படம் போட வழியில்லை. அதே வருஷம் வந்த மைக்ரோசாஃப்ட்டின் முதல் எக்ஸ்பாக்ஸில் டிவிடி ஓடும், ஆனால் தனியாக ஒரு ரிமோட் வாங்கினால்தான். காரணம் வேடிக்கையானது. டிவிடி போடும் கருவிக்கு உரிமத் தொகை கட்ட வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் கட்டுவதற்குப் பதில், படம் பார்க்க ஆசைப்படுகிறவர் வாங்கும் ரிமோட் விலையில் அதை ஏற்றிவிட்டார்கள். கேம் மட்டும் போதும் என்பவர் கூடுதலாக ஒரு ரூபாய் கொடுக்கத் தேவையில்லை. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் நியாயமாக நடந்தவர்கள் அவர்கள்தான். ஆனாலும் ஜெயித்தது சோனி.

ஜெயித்தவருக்கு வரும் தெம்பு சோனிக்கும் வந்தது. டிவிடியில் பலித்தது அதற்கு அடுத்த தலைமுறை டிஸ்க்கான ப்ளூரேயிலும் பலிக்கும் என்று 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3ஐ இறக்கினார்கள். அமெரிக்காவில் விலை 499 டாலர், பெரிய மாடல் 599 டாலர். மக்கள் விலையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். உண்மையில் அதைச் செய்ய ஆன செலவு அதற்கும் மேலே. ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பிரித்துப் போட்டு மதிப்பிட்டதில், 599 டாலர் பெட்டிக்கு உற்பத்திச் செலவு மட்டும் 840 டாலர் வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் இருநூற்றுச் சொச்சம் டாலர் கையை விட்டுப் போகிறது. அந்த நிதியாண்டில் சோனியின் கேம் பிரிவு 23,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டம் காட்டியது. கேம் ஆடுகிறவர் கேட்காத ப்ளூரே டிரைவ் அந்தச் செலவில் பெரிய பங்கு. எதிரணியில் ப்ளூரேக்குப் போட்டியாகத் தோஷிபாவின் எச்டி டிவிடி டிஸ்க் இருந்தது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360க்கு அந்த டிரைவைத் தனியாக, விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளும்படி விற்றது. 2008 பிப்ரவரியில் தோஷிபா கையைத் தூக்கிவிட்டது. ப்ளூரே வென்றது, அதில் பிஎஸ்3க்குப் பெரிய பங்கு உண்டு. சரி, வென்ற பிறகு? உலகம் டிஸ்க்கை விட்டுவிட்டு இன்டர்நெட்டில் படம் பார்க்கப் போய்விட்டது.

பிஎஸ்3இல் இன்னொரு வசதி இருந்தது. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரையே வீண். விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம். ‘அதர் ஓஎஸ்’ என்று மெனுவிலேயே வழி இருந்தது. உள்ளே இருந்த செல் சிப் கணக்குப் போடுவதில் புலி என்பதால், ஆராய்ச்சிக்காரர்கள் கட்டுக்கட்டாக வாங்கிப் போனார்கள். அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் 1,760 பிஎஸ்3களைக் கோத்து 2010இல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. ஒரு கேம் பெட்டிக்கு இதைவிட ‘கேம் அல்லாத வேலை’ இருக்க முடியுமா? ஆனால் அதே 2010இல் ஏப்ரல் 1ஆம் தேதி (தேதியைப் பாருங்கள்) ஒரு அப்டேட் வந்து அந்த வசதியை அழித்தது. பாதுகாப்புக் காரணம் என்றது சோனி. அப்டேட் போடாவிட்டால் லினக்ஸ் தங்கும், ஆனால் ஆன்லைனில் ஆட முடியாது. காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் இருந்த ஒன்றை, விற்றவர் வீடு தேடி வந்து எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. வழக்குப் போட்டார்கள், வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

இங்கேதான் என் பார்வை திரும்பியது. டிவிடி, சிடி, லினக்ஸ் எல்லாம் வாங்கியவர் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் வசதிகள். அவை போகப்போகக் குறைந்துகொண்டுதான் வந்திருக்கின்றன. முதல் பிளேஸ்டேஷனில் பாட்டு சிடி ஓடியது. பிஎஸ்4இல் ஓடாது, பிஎஸ்5இலும் ஓடாது. பிஎஸ்4இல் வெப் பிரவுசர் இருந்தது. பிஎஸ்5இல் அதற்கென்று ஒரு ஆப்கூடக் கிடையாது. ஆக, கேம் அல்லாத வசதி கூடிப்போய்விட்டது என்கிற புலம்பலே பாதி தப்பு. கூடியது வேறு ஒன்று. அதற்கு வருவதற்கு முன், 2013ஐத் தாண்ட வேண்டும்.

2013 மே 21. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியை அறிமுகப்படுத்திய நாள். மேடையில் டிவி, டிவி, டிவி என்று அவர்கள் சொன்னதை மட்டும் வெட்டி ஒட்டி மக்கள் வீடியோ செய்து சிரித்தார்கள். கேபிள் செட்டாப் பாக்ஸை எச்டிஎம்ஐ என்ற வயர் வழியாக இந்தப் பெட்டியில் செருக வேண்டும், இது டிவிக்குப் போகும், வாயால் சொன்னால் சேனல் மாறும், கேம் ஆடும்போதே ஓரத்தில் மேட்ச் ஓடும். அவர்கள் முட்டாள்தனமாக யோசித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு வருஷம் முன்னால், 2012இல், அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் லைவ் கோல்டு என்ற ஆன்லைன் சேவையின் சந்தாதாரர்கள் ஆன்லைன் கேமைவிடப் படம், பாட்டு ஆப்களில்தான் அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்று அவர்களே கணக்கெடுத்துச் சொல்லியிருந்தார்கள். அதே வருஷக் கடைசியில் நெட்ஃப்ளிக்ஸ், டிவியில் தங்களை அதிகம் பார்ப்பது பிஎஸ்3 வழியாகத்தான் என்றது. கணக்கு சரி. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் கோளாறு. வாங்கிய பெட்டியில் படமும் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து, படம் பார்க்கவே பெட்டி வாங்குவார்கள் என்று தாவிவிட்டார்கள். அதுவும், அசைவையும் குரலையும் கவனிக்கும், கூடவே வாங்கித்தான் ஆக வேண்டிய கினெக்ட் கேமராவோடு 499 டாலருக்கு. சோனி அதே வருஷம் பிஎஸ்4ஐ 399 டாலருக்குக் கொண்டுவந்து, ‘இது கேம் ஆட’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டது.

அந்த டிவிக் கனவைச் சென்னைக்குக் கொண்டுவந்து பாருங்கள். விசித்திரமாக இருக்கும். நாட்டில் முதலில் செட்டாப் பாக்ஸைக் கட்டாயமாக்கிய ஊர் இது. 2003 செப்டம்பரிலேயே இங்கே, கட்டணச் சேனல்களைச் செட்டாப் பாக்ஸ் வழியாகத்தான் பார்க்க முடியும் என்ற சி.ஏ.எஸ். முறை வந்தது. அப்படியும் 2013இல் பாதி வீடுகளில் சுவரிலிருந்து வரும் கறுப்பு வயர் நேரே டிவியின் முதுகில்தான் போய்ச் செருகும். அரசு கேபிளுக்கு மாதம் 70 ரூபாய். அந்த நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017இல்தான். டிடிஎச் வைத்திருந்தவர்களிலும் பலருக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்கள்தான். எச்டிஎம்ஐ துளையுள்ள பெட்டி பணக்கார வீட்டுச் சங்கதி. எக்ஸ்பாக்ஸின் பின்னால் இருந்த ‘எச்டிஎம்ஐ இன்’ துளையில் இங்கே செருக என்ன இருந்தது? ஆனால் அந்தத் துளைக்கும் கேமராவுக்கும் சேர்த்துத்தான் விலை. இந்தியாவுக்கு அது வந்து சேர 2014 செப்டம்பர் ஆகிவிட்டது. பிஎஸ்4 அந்த ஜனவரியிலேயே 39,990 ரூபாய்க்குக் கடைக்கு வந்திருந்தது.

கினெக்ட்டில் இன்னொரு வலியும் இருந்தது. அது இயங்க கிராஃபிக்ஸ் சிப்பின் சக்தியில் 10 சதவீதம் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. கேம் அல்லாத வசதி கேமின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கிய சரியான உதாரணம் இதுதான். 2014 ஜூனில் கேமரா இல்லாத பெட்டியை 399 டாலருக்கு விற்கத் தொடங்கி, அந்த 10 சதவீதத்தையும் கேம் செய்கிறவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஓரத்தில் மேட்ச் ஓடும் வசதியை 2017இல் தூக்கினார்கள். கினெக்ட் தயாரிப்பும் அதே வருஷம் நின்றது.

‘நெட்ஃப்ளிக்ஸ் இருப்பதால் கேம் மெதுவாகிறது’ என்று சிலர் சொல்வார்கள். அது அவ்வளவு நேரடியான விஷயம் இல்லை. கன்சோலில் மெமரியை முன்கூட்டியே பாகம் பிரித்துவிடுவார்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் 8 ஜிபியில் கேமுக்கு 5, மற்ற எல்லாவற்றுக்கும் 3. நீங்கள் ஆப் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அந்த 3 ஜிபி கேமுக்கு வராது. ஆக, நஷ்டம் இருக்கிறது, ஆனால் ஆடும்போது கண்ணுக்குத் தெரியாது. பெட்டியை வரையும்போதே எடுத்துவைத்த பங்கு அது. இதைக் குறைக்க வழிகளும் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிஎஸ்4 ப்ரோவில் கூடுதலாக 1 ஜிபி சாதாரண மெமரி சேர்த்து, கேம் ஆடும்போது நெட்ஃப்ளிக்ஸ் போன்ற ஆப்களை அங்கே ஒதுக்கிவிட்டு, வேகமான மெமரியைக் கேமுக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுகிற வேலை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 16 ஜிபியில் 13.5 கேமுக்கே போகிறது. எனவே ஆப் சும்மா உட்கார்ந்திருப்பதால் இப்போது பெரிய கேடு இல்லை.

கேடு இருப்பது முகப்பில், பெட்டியை ஆன் செய்ததும் வரும் திரையில்.

பிஎஸ்2இல் டிஸ்க்கைப் போட்டு பவரை அழுத்தினால் அரை நிமிஷத்தில் கேம். இன்றைக்கு என் வீட்டுப் பெட்டி (எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, வம்பு எதற்கு) போன தீபாவளி விடுமுறையில் செய்ததைச் சொல்கிறேன். சித்தி பையன்கள் நாலு பேர் மதுரையிலிருந்து வந்து, தரையில் சம்மணம் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ஆன் செய்தேன். பெட்டிக்கு ஒரு அப்டேட். முடிந்ததும் கேமுக்கு ஒரு அப்டேட், 38 ஜிபி. இடம் போதவில்லை, எதையாவது அழி என்றது. அழித்தேன். அது இறங்கிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, திரையில் பாதிக்கு நான் வாங்காத கேம்களின் படங்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. சின்னவன், “அண்ணா, இதுல எது நம்மளுது?” என்று கேட்டான். நல்ல கேள்வி. கடைசியில் நாலு பேரும் மாடியில் கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள். தண்ணீர்த் தொட்டியில் பட்டால் அவுட்.

சின்னவன் கேள்விக்குப் பதில் காசில் இருக்கிறது. கன்சோலைப் பெரும்பாலும் லாபமில்லாமலோ நஷ்டத்துக்கோ விற்பார்கள். பிஎஸ்3 விற்ற லட்சணத்தைத்தான் மேலே பார்த்தோமே. போட்ட பணம் திரும்புவது கேம் விற்பனையில். ஆன்லைன் கடையில் மற்றவர் கேம் ஒன்று விற்றால் வழக்கமாக 30 சதவீதம் பெட்டிக்காரருக்கு. மாதச் சந்தா வேறு. அதனால் டிஸ்க் வாங்கி, ஆடி, ரிச்சி தெருவில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிற ஆளால் அவர்களுக்குப் பிரயோஜனம் குறைவு. கடைக்குள்ளேயே உட்காருகிற ஆள்தான் வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360இன் முகப்பு 2005இலிருந்து 2011வரை மாறி மாறி வந்ததைப் பார்த்தாலே புரியும். ஒவ்வொரு மாற்றத்திலும் உங்கள் டிஸ்க் கொஞ்சம் ஓரத்துக்குப் போகும், விளம்பரக் கட்டங்கள் நடுவுக்கு வரும். 2024 செப்டம்பர் கடைசியில் பிஎஸ்5 முகப்பில் கேம் படங்களுக்குப் பதில் பழைய செய்திகளும் விளம்பரப் படங்களும் வந்து உட்கார்ந்தபோது ஆடுகிறவர்கள் கொதித்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்துவிட்டோம் என்றது சோனி. கோளாறாகவே இருக்கட்டும். கொதித்தவர்களுக்கு அது கோளாறு என்று தோன்றவில்லை, அடுத்த கட்டம் என்று தோன்றியது. அதுதான் கவனிக்க வேண்டியது.

நின்டெண்டோவை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2017இல் வந்த ஸ்விட்ச்சில் நெட்ஃப்ளிக்ஸ் கிடையாது, கண்ணுக்குத் தெரிகிற பிரவுசரும் கிடையாது, முகப்பில் உங்கள் கேம்கள்தான் வரிசையாக நிற்கும். 15 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. அதற்கு முன்னால் வீ யூ (Wii U) என்ற பெட்டியில் டிவி வழிகாட்டி, அரட்டை மன்றம் எல்லாம் வைத்துப் பார்த்துச் சூடுபட்டவர்கள்தான் அவர்களும்.

சென்னையில் இன்னொரு கணக்கும் போட வேண்டியிருக்கிறது, கரண்ட் கணக்கு. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்த புதிதில், 2014இல், என்ஆர்டிசி என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு அளந்து பார்த்தது. இவற்றில் நெட்டில் படம் பார்த்தால், அதற்கென்றே செய்த குட்டிக் கருவிகளைவிட 30 மடங்குக்கு மேல் மின்சாரம் இழுக்கிறது என்று கண்டது. பிறகு வந்த மெலிந்த மாடல்கள் குறைவாக எடுக்கின்றன என்றாலும் குட்டிக் கருவி அளவுக்கு வராது. அக்கா வீட்டுப் பெட்டி பழைய மாடல். படம் ஓடும்போது 80 வாட் என்று வைப்போம். காலையில் சமையல், மத்தியானம் பழைய சீரியல், ராத்திரி பாட்டு என்று ஒரு நாளைக்கு 4 மணி நேரம். நம் ஈ.பி. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, எனவே 60 நாள். பெருக்கினால் 19 யூனிட் சொச்சம். டிவியில் செருகும் ஸ்டிக் 3 வாட் எடுத்தால் அதே வேலைக்கு முக்கால் யூனிட். 100 யூனிட் இலவசம் இருக்கிறதே என்பீர்கள். ஏசி ஓடும் வீட்டில் அந்த நூறு முதல் வாரங்களிலேயே தீர்ந்துவிடும். மே மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாமல் இருக்க அக்கா மீட்டர் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். 18 யூனிட் அங்கே சின்ன விஷயம் இல்லை.

இதை அக்காவிடம் தாளில் எழுதிக் காட்டினேன். கேமைப் பற்றி நான் பேசியிருந்தால் காதில் வாங்கியிருக்க மாட்டாள், ஈ.பி. என்றதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அடுத்த வாரம் ரிச்சி தெருவில் ஒரு ஸ்டிக் வாங்கிக் கொடுத்தேன். ரிமோட்டில் மைக் இருக்கிறது, “வத்தக்குழம்பு” என்று தமிழிலேயே சொன்னால் போதும், வந்து நிற்கிறது. கன்ட்ரோலர் பையனுக்கே திரும்பிவிட்டது.

போன வாரம் போனபோது பையன் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். கேம் ஆடவில்லையா என்றேன். டிவியைக் கை காட்டினான். அக்கா ரிமோட்டை வாய்க்குப் பக்கத்தில் வைத்து அடுத்த குழம்பின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.